நாக்குக்குத் தெரியாத உப்பு

எறங்குங்க தம்பி, குளத்துல சும்மா எறங்குங்க. கண்ணு எரியாது, அதுக்கு நான் ஜவாப்தாரி. சந்தேகமா இருந்தா ஒரு சொட்டு எடுத்து நாக்குல வெச்சுப் பாருங்க. தெரியுதுங்களா? தெரியாதுங்க. உப்புப் போட்ட தண்ணின்னு நாஞ் சொன்னாத்தான் தெரியும். நம்ம கண்ணீர்ல இருக்கற உப்புல பாதிகூட இதுல இல்ல. அதுனாலதான் கண்ணை ஒண்ணும் பண்றதில்ல.

என்ன கேட்டீங்க? ஊட்டுல அம்மா இல்லையான்னுங்களா? ஆமா, நெட்டுல எல்லாரும் அதைத்தான் எழுதியிருக்காங்க, கனகமணியம்மா கை ருசிக்கே இங்க வரலாம்னு. நீங்களும் அதைப் படிச்சுட்டுத்தான் வந்திருப்பீங்க. அவ தம்பி ஊட்டுக்குப் போயிருக்கறா. புளியம்பட்டிக்கு. வந்துருவா. இப்ப சமைக்கறதுக்கு ஒரு ஆளைப் போட்டிருக்கறேன், அதுவும் நல்லாத்தான் இருக்கும்.

கால உள்ள விட்டு உக்காருங்க. வெயில் இன்னும் கெடக்குது. சொல்றேன்.

நான் கணபதியில லேத்துப் பட்டறை வெச்சிருந்தவனுங்க. வெள்ளிங்கிரி பட்டறைன்னா அந்தப் பக்கம் தெரியும். இடுப்பு வலி வந்து நிக்க முடியாமப் போச்சு. பட்டறையக் குடுத்துட்டு இங்க வந்துட்டோம். இந்தப் பூமி எம்மாமனார் கனகுக்குக் குடுத்தது. மலை அடிவாரம், பொறகால காடு, காத்து, குளுகுளுன்னு இருக்குது, ஒறம்பரை, விருந்தாளிங்க வந்து தங்கறாப்ல நாலு ஓட்டு ஊடு கட்டுவோம்னு நாந்தான் ரோசனை பண்ணுனேன். இந்தக் காலத்துல போன் பண்றவங்க மொதல்ல என்ன கேக்கறாங்க? சாப்பாடு எப்படின்னா கேக்கறாங்க? நீச்சல்குளம் இருக்குதுங்களான்னுதான் கேக்கறாங்க. அதுக்காக வெட்டுனது இது.

மொதல்ல சாதாக் குளமாத்தான் இருந்துச்சு. குளோரின் பவுடரை வாங்கிக் கரைச்சு ஊத்தறது. போன கோடையில ஒரு குடும்பம் வந்தாங்க, அவங்க பொண்ணுக்குக் கண்ணு ரெண்டும் செவந்து போச்சு. ஊருக்குப் போயி எழுதிப்போட்டாங்க, 'தண்ணியில மருந்து நாத்தம், புள்ளைகளக் கூட்டிட்டுப் போகாதீங்க'ன்னு. எனக்குப் பொக்குனு போயிருச்சுங்க. என்னோட பொருளை ஒருத்தன் கொறை சொல்லிப் பட்டறைக்காலத்துல கூடக் கேட்டதில்ல.

அப்பத்தான் இந்த உப்பு மெசினப் பத்திக் கேள்விப்பட்டு, டவுனிலிருந்து அன்வர்தீனைக் கூட்டிட்டு வந்தேன். இந்த வேலையே பண்றவரு. வர்ற வழியில போர்டு பாத்தீங்கல்ல, 'குளோரின் இல்லாத இயற்கைக் குளம்'னு? அதைப் படிச்சுட்டு ஒரே சிரிப்பு அவரு. "ஏனுங்ண்ணா, உப்புக்குள்ள கரண்டைப் பாய்ச்சி அந்தக் குளோரினத்தான் இந்த மெசினு எடுக்குது. வெளிய இருந்து கொட்டறதுக்குப் பதிலா உள்ளயே உண்டாக்கறோம், அவ்வளவுதான்"னாரு. அதையெல்லாம் ஒறம்பரைகிட்ட வெவரிச்சுட்டு இருக்க முடியுங்களா? போர்டு அப்படியே இருக்கட்டும்னுட்டேன்.

நான் மெசின இன்னைக்கே மாட்டிருவோம்னேன். அவரு, "மெசினு கடைசியிலதானுங்ண்ணா. மொதல்ல தண்ணியத் தயார் பண்ணோணும். இல்லீன்னா நாளைக்கு மெசினத்தான் திட்டுவீங்க"ன்னாரு.

அந்த வேலை எனக்குப் புடிச்சுப் போச்சுங்க. நம்ம போர் தண்ணியில இரும்பு எச்சா, ரொம்ப அதிகம். அதை அப்படியே விட்டா உப்பும் குளோரினும் சேந்து செவுத்துல செம்மண்ணு தீத்துனாப்ல கறை ஏத்திரும். அதுனால அந்த இரும்பைப் புடிச்சு நிறுத்தற மருந்து ஊத்தி, வடிகட்டியக் கழுவிக் கழுவி மோட்டார ஓட்டுனோம். செவுத்துல பாசியத் தேச்சு எடுத்தோம். தண்ணி காரமா இருந்துச்சு, அதுக்கு ஆசிட்டக் கொஞ்சங் கொஞ்சமா ஊத்தறது. எறங்கிப் போச்சுன்னா ஆப்பசோடா. வெயிலு குளோரினத் தின்னு போடாம இருக்க ஒரு பவுடரு. ஒண்ணைப் போட்டா மறுக்கா ஓட்டிவிட்டு, பொறுத்திருந்து, சின்னக் கண்ணாடிக் குழாயில தண்ணி எடுத்து, சொட்டு மருந்து விட்டு, கலரு அட்டையோட வெச்சுப் பாக்கோணும். அந்தக் கலரு சித்தெ நேரந்தான் நிக்கும். அதுக்குள்ள பாத்தாத்தான் கணக்கு. தாமதிச்சா வேற கலரு காட்டி ஏமாத்திரும். கடைசலு வேலையில நூலளவு பாத்துப் பழகுனவனுங்க நான். நெதமும் வெடியால எந்திரிச்சதும் இங்கதான் வந்து நிப்பேன். தண்ணியும் ஒரு உசுருதான் தம்பி. என்ன வேணும்னு அதுவே சொல்லும், பாக்கத் தெரிஞ்சாப் போதும்.

அப்புறம் உப்பு வந்துச்சு. தூத்துக்குடிக் கல்லுப்பு. லாரியோட வருதேன்னு தேவைக்கு மேலயே எறக்கிட்டேன். மோட்டார் ரூம்புக்குப் பக்கத்துல, பின் வேலியோரமா அடுக்கச் சொன்னேன். கனகு ஊட்டுக்குப் பொறகால பொடக்காளியில இருந்து ஓடி வந்தா.

"ஏனுங்க, உப்பை இங்க எறக்காதீங்க. டவுன்லயே எங்கயாவது போட்டு வெச்சுட்டு, கரைக்கற அன்னைக்குக் கொண்டாந்துக்கலாமுங்க"ன்னா.

"ஏன், கரைஞ்சா போயிரும்?"

"ஆனைக்கு வாசம் புடிச்சிருமுங்க. எங்கப்பன் காலத்துல மாட்டுக்குன்னு ஒரு உப்புக் கட்டி கட்டுத்தரையில தொங்குச்சு. அதுக்காக செவுத்தையே தள்ளிட்டு வந்துச்சுங்க."

நான் சிரிச்சுட்டேன். வாழைக்கு வரும், பலாவுக்கு வரும், ரேஷன் கடை அரிசிக்கு வரும். நீச்சல்குளத்துக்கா வரும்? லாரிக்காரங்க முன்னால வெச்சு, "உங்கப்பன் கதையெல்லாம் அப்பறம் சொல்லலாம், போயி அடுப்பைப் பாரு"ன்னேன். தமாசுக்குத்தானுங்க சொன்னது. அவளும் போயிட்டா.

உப்பு போட்ட அன்னைக்கு நீங்க இருந்திருக்கோணும். ஆழமில்லாத பக்கத்துல நின்னுட்டு வெதை வெதைக்கறாப்லயே வீசறது. அடியில தங்காம பிரஷ்ஷு வெச்சுத் தள்ளிட்டே இருக்கோணும். அன்வர்தீன், "பாதியப் போட்டு ஓட்டி, பாத்துட்டு மீதியப் போடலாமுங்ண்ணா. உங்க தண்ணியில ஏற்கெனவே உப்பு இருக்குது"ன்னாரு. அவருக்கு வேற எடத்துல வேலை, போயிட்டாரு. உப்பு எங்கிட்ட எச்சாவே இருக்குதே, நான் எல்லாத்தையும் போட்டுட்டேன். கரைஞ்சு, ஒரு பகலு ஒரு ராவு ஓடி, மெசினப் போட்டாச் செவப்பு லைட்டு. உப்பு அதிகம்னு நின்னு போச்சு.

அதுக்கு மருந்தே கெடையாதுங்க. எதைப் போட்டும் உப்பைக் கொறைக்க முடியாது. பாதித் தண்ணிய வெளிய எடுத்துட்டு நல்ல தண்ணி விடோணும், அவ்வளவுதான். விட்டேன். எங்க விடறது? கீழ்ப்பக்கம் வாழை நிக்குது. உப்புத் தண்ணி பட்டாக் கருகிப் போயிரும். அதுனால ஓஸ் பைப்ப வேலிக்கு அந்தாண்ட போட்டேன். அங்க ஒரு குழி இருக்குது, வெறும் எடம். பக்கத்துல ஒரு இட்டேரி போகுது, நம்ம வேலிக்கும் காட்டுக்கும் நடுவால. யாரு நடக்கறாங்க அதுல? மாரக்கா ஒருத்திதான்.

மாரக்கா யாருன்னு சொல்லல பாருங்க. நமக்குப் பால் ஊத்துனவ. நாச்சிமுத்துன்னு ஒருத்தரு, அவரு சம்சாரம். கனகும் அவளும் ஒரே பள்ளிக்கோடத்துல ஒண்ணா உக்காந்தவங்க. வெடியால பால் கொண்டாருவா, ரெண்டு பேரும் பொடக்காளி வாசல்ல நின்னு அப்படி என்னதான் பேசுவாங்களோ, சிரிப்பா இருக்கும். ஒறம்பரை தூங்கறாங்க, மெதுவாப் பேசுங்கன்னு நானே சத்தம் போட்டிருக்கறேன்.

ஒருநா மாரக்கா எங்கிட்டயே வந்து சொன்னா. "ஏனுங்ண்ணா, குழியோரமெல்லாம் சேறாக் கெடக்குது. ஆனைத் தடம் அண்டா அகலத்துக்குப் பதிஞ்சிருக்குதுங்க. மண்ணை நோண்டித் தின்னுருக்குது"ன்னா.

"காடுன்னா ஆனை இருக்கத்தான் செய்யும் மாரக்கா"ன்னேன்.

கனகு அன்னைக்கு மத்தியானம் ஓஸ் பைப்பத் திருப்பச் சொன்னா. வாழைக்கு யாரு பதில் சொல்றதுன்னு கேட்டேன். "வாழை போனாப் போகுதுங்க"ன்னா. இத பாருங்க, விவசாயி மக, அவ வாயில வர்ற பேச்சா இது?

அப்புறம் வடிகட்டியக் கழுவற தண்ணியும் அங்கயேதான் போயிட்டு இருந்துச்சு. வேற வழியில்லீங்க, வாரத்துல ரெண்டு தடவை கழுவித்தான் ஆகோணும்.

ஒருநா பொழுதோட, வந்திருந்தவங்க காப்பி குடிச்சுட்டு இருக்கறாங்க, வேலிக்கு அந்தாண்ட மூங்கில் ஒடியற சத்தம். ஒத்தை ஆனை. கொம்பு ரெண்டும் தரையத் தொடறாப்ல. குழியில மண்டி போட்டுக் கொம்புல மண்ணைக் குத்தி, தும்பிக்கையில எடுத்து எடுத்து வாயில வெக்குது. ஒரு பையன் போன்ல புடிச்சுப் போட்டான், அதை அத்தனை பேரு பாத்திருக்கறாங்க. அடுத்த வாரமே எல்லா ஊடும் நெறைஞ்சு போச்சு. கனகு மட்டும் சமையக்கட்டை விட்டு வெளிய வரல. கதவைச் சாத்தி உள்தாப்பாப் போட்டுட்டு நின்னா.

மாரக்கா அதுக்கப்புறம் நல்லா வெளிச்சம் வந்தப்பறந்தான் வர ஆரம்பிச்சா. ரோட்டு வழி இருக்குது, ஆனா சுத்து. பால் கேனத் தூக்கிட்டு அத்தனை தூரம் நடக்க முடியாதுன்னா. சரி, அவ வசதி. ஆனா பாருங்க, ஊடு நெறைய ஆளு. வெடியாலயே காப்பி கேக்கறாங்க. பால் இல்லீன்னு எத்தனை நாளைக்குச் சொல்றது? நான் மரியாதையாத்தான் சொன்னேன். "மாரக்கா, பழையபடி நேரமே வந்துரு. முடியலீன்னா சொல்லிப்போடு, நான் பாக்கெட்டுப் பால் வாங்கிக்கறேன்"னேன். அவ கனகு மொகத்தைப் பாத்தா. கனகு என்னமோ சொல்ல வந்தா. மாரக்கா, "வர்றேனுங்ண்ணா"ன்னுட்டா. அவளா ஒத்துக்கிட்டது. நான் கட்டாயப்படுத்தல.

அதுக்கு அடுத்த நாளோ அதுக்கு மறுநாளோ, வெடியால நான் இங்கதான் நிக்கறேன், இதே எடத்துல. குழாயில தண்ணி எடுத்துச் சொட்டு விட்டாச்சு. புதுத் தண்ணி விட்டதுல எல்லாக் கணக்கும் மாறி, ஒரு மாசமாப் போராடி அன்னைக்குத்தான் தண்ணி நிதானத்துக்கு வர்றாப்ல ஒரு தோது. கனகு பொடக்காளியில பால் வாங்கற போசியோட நின்னுட்டு இருந்தா. எனக்குக் கேட்டுச்சுங்க. கேன் உருள்ற சத்தம் கேட்டுச்சு, ஓட்டு மேல கல்லு விழுந்தாப்ல. அப்புறம் ஒண்ணுமே இல்ல. குருவிச் சத்தங்கூட இல்ல.

கனகு, "ஏனுங்க"ன்னு கூப்புட்டா.

நான் கையைக் காட்டுனேன், இரும்மாங்கறாப்ல. அந்தக் கலரு நிக்கற நேரம் உங்களுக்குத்தான் சொன்னேனே. அட்டையில வெச்சுப் பாக்கறேன், சரியா வந்து நிக்குது. உப்பையும் பாத்தேன், அதுவும் சரி. மெசினப் போட்டேன். பச்சை லைட்டு எரிஞ்சுதுங்க. ஒரு மாசத்துல மொத தடவை.

கனகு மறுபடி கூப்புடல. அவ போசியப் போட்டுட்டு வேலிக் கதவைத் தெறந்துட்டுப் போயிட்டா.

நான் போனப்ப அவ இட்டேரியில நின்னுட்டு இருந்தா. கொஞ்ச தூரத்துல குழி. குழிக்கு இந்தாண்ட மாரக்கா கெடந்தா. பால் மண்ணுல பரவி வெள்ளையாக் கெடந்துச்சு. குழிக்குள்ள அது நிக்குது. நம்மளைத் திரும்பிக்கூடப் பாக்கல. மண்ணை எடுக்குது, வாயில வெக்குது. மண்ணை எடுக்குது, வாயில வெக்குது. கனகு கிட்டப் போகவும் முடியாம, திரும்பவும் முடியாம, சத்தமும் போடாம நிக்கறா. நான் அவ கையைப் புடிச்சு இழுத்தேன். கை கல்லாட்டம் இருந்துச்சு. மாரக்கா விரல் ஒருக்கா அசைஞ்சுதுன்னு கனகு அப்பறம் சொன்னா. நான் பாக்கல. அது தின்னு முடிக்கற வரைக்கும் நின்னோமுங்க. அது அவசரப்படவே இல்ல.

அது காட்டுக்குள்ள போனப்பறம் கனகு ஓடிப் போயி அவ தலைய மடியில எடுத்து வெச்சா. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு.

பாரஸ்ட்காரங்க வந்தாங்க. இங்க எப்படி உப்பு மண்ணு வந்துச்சுன்னு கேட்டாங்க. இயற்கையாவே உப்பு மண்ணுங்கன்னேன். பொய்யில்லையே, இப்ப அது உப்பு மண்ணுதானே? அவங்க மண்ணைப் போட்டுக் குழியத் தூத்துட்டுப் போனாங்க. ஊர்க்காரங்க வாசல் கேட்டு முன்னால வந்து நின்னு கண்டபடி பேசுனாங்க. ஆனைய நானா கூட்டிட்டு வந்தேன்? அவ ரோட்டு வழியா வந்திருக்கலாமில்ல? இதைச் சொன்னா யாருக்கும் புடிக்கறதில்ல.

நாச்சிமுத்து மட்டும் அந்தக் கூட்டத்துல இல்லீங்க. காரியமெல்லாம் முடிஞ்சு ஒருநா பொழுதோட வந்தாரு. நேரா இங்க வந்து, நீங்க உக்காந்திருக்கற எடத்துல குத்த வெச்சு உக்காந்தாரு. தண்ணியில கைய விட்டு, ரெண்டு விரலை நாக்குல வெச்சாரு. "இதுக்கா"ன்னாரு. அந்த ஒரு வார்த்தைதான். எந்திரிச்சுப் போயிட்டாரு. உப்பே தெரியலையேன்னு ஆச்சரியப்பட்டிருப்பாராட்டம் இருக்குது. எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

கனகு அதுக்கப்புறம் பேச்சைக் கொறைச்சுக்கிட்டா. சமைப்பா, எல்லாரையும் சாப்புட வெப்பா, எங்கிட்ட மட்டும் ஒண்ணும் இல்ல. ஒருநா காத்தால பையோட வந்து நின்னா.

"இந்தக் குளத்துல மண்ணைக் கொட்டி மூடுங்க. நான் இங்கயே கெடக்கறேன்"னா.

"பச்சை லைட்டு இப்பத்தான் எரியுது கனகு"ன்னேன்.

என்னை ஒரு மாதிரி பாத்தாளுங்க. முப்பது வருசத்துல அப்படிப் பாத்ததே இல்ல, யாரோ வழி தெரியாம உள்ள வந்துட்ட ஆளைப் பாக்கறாப்ல. அவங்கப்பன் குடுத்த பூமி, அதையே விட்டுட்டுப் போயிட்டா. கோவந்தான், தணிஞ்சா வந்துருவா. மொதல்ல போன் எடுத்துட்டு இருந்தா, இப்ப எடுக்கறதில்ல. அவ தம்பிதான் எடுக்கறான். அக்கா தூங்குதுங்கறான். எப்பக் கூப்புட்டாலும் தூங்குதுங்கறான்.

நாச்சிமுத்தும் நமக்குப் பால் குடுக்கறதில்ல. பாக்கெட்டுப் பால்தான். காப்பி முந்தி மாதிரி இல்லீன்னு நீங்களே நெனச்சிருப்பீங்க.

குழியத் தூத்தப்பறம் அந்த ஆனை வந்து பாத்துச்சுங்க. பொழுதோட வரும், புது மண்ணைக் காலுல தேச்சுத் தேச்சுப் பாக்கும், நிக்கும். ஏமாந்து நிக்கறது எனக்கு மனசு கேக்கல. ஒரு வாயில்லா ஜீவனுக்குப் பழக்கி விட்டுட்டு அப்படி நிறுத்தலாங்களா? அதுவும் இல்லாம, அன்னைக்கு வந்திருந்தவங்க ஆனை வரலையான்னு கேட்டுட்டே இருந்தாங்க. எச்சா உப்பு மூட்டை கெடந்துச்சு. வேலிக்கு இந்தாண்டயே ஒரு எடம் பாத்து, அன்னாடும் ஒரு போசி உப்பு வெக்கறேன். மாரக்கா பேர்லதான் வெக்கறேனுங்க. அவ நல்லவ, அவளுக்கு அந்தப் புண்ணியம் போகட்டும். கனகு தம்பிகிட்ட இதைச் சொல்லி விட்டேன், கேட்டா அவ மனசு எறங்குமேன்னு. அவன் போனை வெச்சுட்டான்.

வேலி என்னாச்சுங்கறீங்களா? அதை மொத வாரமே தள்ளிப் போட்டுச்சு. மறுக்கா கட்டுனேன், மறுக்கா தள்ளுச்சு. விட்டுட்டேன். இப்ப ஒத்தையாவும் வர்றதில்லீங்க, கூட ரெண்டு மூணு கூட்டிட்டு வருது. போசிய முடிச்சுட்டு இங்கயே வரும். இந்தக் கல்லு மேல நின்னு தும்பிக்கைய தண்ணியில விடும். குடிக்கறதில்ல. ஒதட்டுல வெச்சுப் பாத்துட்டு நிக்கும், இந்த ஊடுகளையே பாத்துட்டு நிக்கும். ஒண்ணும் பண்ணுனதில்லீங்க. இதுவரைக்கும்.

சரி, நாம் பேசிட்டே இருக்கறேன், நீங்க எறங்குங்க. தண்ணி இன்னைக்கு அருமையா நிக்குது, காத்தாலதான் பாத்தேன். நல்லா நீந்துங்க. மசங்கி இருட்டறதுக்குள்ள மட்டும் ஏறிப்போடுங்க தம்பி. அதுக்கு மேல அதோட நேரமுங்க.